ரப்பர் வளையத்தில் ஓடிய குரல்

அந்தப் பெட்டியின் மூடி எப்போதும் முழுதாக மூடிக்கொண்டதில்லை. கறுப்பு நிறம், ஒற்றை ஒலிபெருக்கி, உடைந்துபோன கைப்பிடிக்குப் பதிலாகச் சாக்கு தைக்கும் சணல். தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்குக் கொட்டகை ஒன்றில், எங்கள் மேசைக்கு மேலிருந்த ஆணியில் அந்த டேப் ரெக்கார்டர் தொங்கியது. உரத் தூசும் உப்புக் காற்றும் சேர்ந்து அதன் பொத்தான்களின்மேல் வெளிறிய பூச்சு ஒன்றைப் படியவைத்திருந்தன. பொத்தானை அழுத்தியதும் பாட்டு வந்துவிடாது. முதலில் ஒரு முனகல் எழும். பிறகு நாடா நகரத் தொடங்கும். அதன்பின், நெடுந்தொலைவிலிருந்து நடந்தே வருபவளைப் போல ஒரு பெண்ணின் குரல் வந்து சேரும். என் வாழ்நாளில் நான் விரும்பிக் கேட்ட அயல்நாட்டுக் குரல் அது ஒன்றுதான். அதை அந்தப் பெட்டியில் ஒலித்தபடியே விரும்பிக் கேட்டவர்கள் உலகத்தில் இருவர் மட்டுமே. ஒருவன் நான். மற்றவர் காக்கா.

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்று அழைப்பார்கள். எங்கள் கொட்டகையில் அந்த ஊர்க்காரர் அவர் ஒருவரே ஆதலால், மேஸ்திரி முதல் மூட்டை தூக்குவோர் வரை அனைவருக்கும் அவர் காக்கா ஆகிவிட்டார். கப்பலின் மேல்தளத்தில் உள்ள வின்ச் எந்திரத்தை இயக்குவது அவர் பணி. கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைக் கட்டுகளைத் தூக்கி, கரையில் நிற்கும் லாரியின்மேல் பூப்போல இறக்குவார். நான் சரக்கு முகவர் ஒருவரிடம் டாலி கிளார்க்காக இருந்தேன். இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போட்டுக் கணக்கு வைப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு நின்றவன். மிச்சக் கல்வியை நூலகத்திலும், ஆங்கிலத்தைச் சாக்குகளின்மேல் அச்சடித்திருந்த எழுத்துகளிலும் கற்றுக்கொண்டேன். காக்கா என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். அவரும் நானும் நண்பர்களானது பேச்சினால் அன்று, மழையினால்.

அதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். உரமோ சர்க்கரையோ ஏற்றிவந்த கப்பலில் மழைத்துளி விழுந்தால் சரக்கு பாழாகிவிடும். ஆகையால் வானம் கறுத்தவுடன் கப்பலின் சரக்கறைகளை மூடிவிடுவார்கள். வேலை நின்றுவிடும். மழை வெறித்துக் கப்பல் தளம் உலரும்வரை எல்லோரும் கொட்டகையில் காத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் அதற்கு ‘மழை ஸ்டாப்’ என்று பெயர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பல பகற்பொழுதுகள் மழை ஸ்டாப்பிலேயே கழிந்துபோகும். சிலர் சீட்டாடுவார்கள், சிலர் மூட்டைகளின்மேல் படுத்து உறங்குவார்கள். காக்கா மட்டும் கொட்டகையின் வாசலில் ஒரு மரப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, மழைக்கு அப்பால் நிற்கும் கப்பலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்காருவேன். எங்களுக்குள் பேச்சு இல்லாததைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சரக்கு இறக்கி முடித்துப் புறப்படவிருந்த கப்பல் ஒன்றின் ரேடியோ அதிகாரிக்கு நான் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஊரின் அந்த வெண்ணிற இனிப்பு அயல்நாட்டு மாலுமிகளுக்கு மிகவும் பிடிக்கும். பதிலுக்கு ஏதாவது தருவது அவர்கள் வழக்கம். சவர்க்காரமோ சிகரெட்டோ கையில் வைப்பார்கள். அந்த அதிகாரி தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்துத் தந்தார். தன் சொந்த ஊரும் ஒரு துறைமுகந்தான் என்றும், இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ளதென்றும், இந்தப் பாட்டுக்காரர்கள் தன் தெருவுக்கு அடுத்த தெருவினர் என்றும் சொன்னார். மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் அடங்கிய குழு அது. அவ்வகை இசைக்கு டிரிப்-ஹாப் என்று பெயர் என்பதை நான் மிகப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். கேசட்டின் உறையில் மழையில் நனைந்த ஒரு தெருவிளக்கின் படம் மட்டும் இருந்தது. மழை ஸ்டாப்புக்கு உகந்தது என்று எண்ணிக் காக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. நாடாவைச் சுழற்றும் மெல்லிய ரப்பர் பட்டை உப்புக் காற்றில் இற்று அறுந்திருந்தது. கடைக்கு எடுத்துச் செல்லக் காக்கா உடன்படவில்லை. வின்ச்சின் எண்ணெய்ப் பெட்டிக்குப் போடும் ரப்பர் வளையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீட்டிப் பார்த்து, பெட்டிக்குள் மாட்டினார். அது அளவில் சிறிது பெரியது. ஆகவே சற்று வழுக்கியது. வழுக்குகிறது என்பதை நாங்கள் எப்படி அறிவோம்? சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஆனால் கொட்டகையின் கேசட்டுகளை எல்லாம் அடுத்த கொட்டகைக்காரர்கள் இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். கையில் இருந்தது அந்த ஆங்கிலக் கேசட் ஒன்றே. பழுது பார்த்தது சரிதானா என்று நாங்கள் சோதித்தது, அதற்குமுன் ஒருமுறையும் கேட்டிராத ஒரு பாட்டை வைத்து.

முரசு ஒன்று மெல்ல அதிர்ந்தது. தேய்ந்துபோன இசைத்தட்டின் கீறல் ஒலி, எண்ணெயில் ஏதோ பொரிவதைப் போலக் கேட்டது. அதன்மேல் அந்தப் பெண் பாடினாள். தாழ்ந்த, கரகரத்த, அவசரமே இல்லாத குரல். ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனம் வராதவளைப் போலப் பாடினாள். காக்கா பெட்டியைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, “சரியாயிட்டு” என்றார். நானும் தலையசைத்தேன்.

மேஸ்திரி மூட்டைகளின்மேல் படுத்தபடியே, “ஏலே, யாரு வீட்டுல எழவு? இந்தப் பொம்பள இந்த அழுக அழுதா?” என்று குரல் கொடுத்தார்.

“ஒங்க மாமியா வீட்டுலதான் அண்ணாச்சி. சேதி வரலையாக்கும்?” என்றார் காக்கா.

கொட்டகை முழுதும் சிரித்தது. அன்று முதல் அந்தக் கேசட்டுக்கு ‘மாமியா பாட்டு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பிறகு சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் திரும்பி வந்தன. அவற்றைப் போட்டபோது ஆண் பாடகர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதாகத் தோன்றிற்று. பெண் பாடகிகள் ஆண்களாக மாறிப்போனார்கள். பெட்டி இழுக்கிறது என்று எல்லோரும் ஏசிவிட்டு, சினிமாப் பாட்டுக்கு வேறு பெட்டி வாங்கிக்கொண்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நம் பாட்டு இழுத்தபோது பெட்டியைக் குறை சொன்னோம். அவள் பாட்டு இழுத்தபோது அதுவே அவள் இயல்பு என்று ஏற்றுக்கொண்டோம். எங்கோ குளிர் நாட்டில் ஒரு பெண் இவ்வளவு நிதானமாகத்தான் துயரப்படுவாள் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம் போலும்.

அதன்பின் பெட்டி எங்கள் இருவருக்கே உரியதாயிற்று. மழை ஸ்டாப் என்றதும் காக்கா அதை ஆணியிலிருந்து எடுத்து, வாசற்பலகையின்மேல் வைத்துப் பொத்தானை அழுத்துவார். தகரக் கூரையின்மேல் மழை, அதன்கீழ் அவள். சொற்களில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. மீதியைப் புரிந்துகொள்ள நாங்கள் முயலவுமில்லை. ஒரு பாட்டின் நடுவில் அவள் மூச்சை இழுத்துச் சில கணம் நிறுத்துவாள். அந்த இடம் வரும்போது காக்கா கையிலிருக்கும் தேநீரைக் குடிக்காமல் காத்திருப்பார். அவள் மீண்டும் தொடங்கிய பிறகே குடிப்பார். அவருக்கு என்ன துயரம் இருந்தது என்று நான் கேட்டதில்லை. எனக்கு என்ன இருந்தது என்று அவரும் கேட்டதில்லை. இரண்டும் அந்தக் குரலுக்குத் தெரியும் என்பது போல உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கண்டெய்னர்கள் வந்தன. இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வரும் சரக்குக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை. மழை ஸ்டாப் குறைந்தது. மூட்டைக் கப்பல்கள் குறைந்தன. வின்ச் ஓட்டுபவர்களுக்கு வேலையும் குறைந்தது. காக்கா வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டும் வேலைக்கு விசா கிடைத்துப் புறப்பட்டார். போகிற அன்று பெட்டியையும் கேசட்டையும் ஒரு சாக்கில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். “இது ஒங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. அங்கன மழையே கெடையாதாம்; எதுக்குத் தூக்கிட்டுப் போவானேன்?” என்றார்.

சில ஆண்டுகள் அந்தப் பெட்டி என் வீட்டில் பாடியது. பிறகு ரப்பர் வளையம் உருகித் தார்போல ஒட்டிக்கொண்டது. நாடா சிக்கி நைந்தது. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது என் மனைவி அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை; குரல்தான் எனக்கு மனப்பாடமாகிவிட்டதே. காக்கா பெருநாள்தோறும் தொலைபேசியில் அழைப்பார். அரைநிமிடம் நலம் விசாரிப்பார். பிறகு தவறாமல், “அங்கன மழ உண்டுமா தம்பி?” என்று கேட்பார். அந்தக் கேள்வியின் உட்பொருள் எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். கடலுக்கு அப்பால் ஒரு மனிதர், நான் கேட்கும் அதே குரலைத் தம் நினைவில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம், சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு ஒரு சொத்துப்போல இருந்தது. மனைவி மறைந்து, பிள்ளைகள் வெளியூர்களில் குடியேறிய பிறகு அந்தச் சொத்தின் மதிப்பு இன்னும் கூடிற்று.

என் மகன் ஒரு கைப்பேசி வாங்கித் தந்தபோது நான் அதில் முதலில் தேடியது அந்தக் கேசட்டைத்தான். குழுவின் பெயர் நினைவிருந்தது. தெருவிளக்குப் படமும் அப்படியே வந்தது. ஆவலுடன் அழுத்தினேன். முரசு துள்ளலாக அடித்தது. பாடியவள் ஓர் இளம்பெண். கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி பட்டதைப் போன்ற மெல்லிய, உயர்ந்த குரல். சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. ஏதோ தவறு என்று நிறுத்தி மறுபடியும் போட்டேன். நெடுநேரம் கழித்தே வின்ச்சின் ரப்பர் வளையம் என் நினைவுக்கு வந்தது. நாங்கள் அத்தனை மழையிலும் கேட்டது அவளை அல்ல. எங்கள் பெட்டி அவளை இழுத்த இழுப்பை. உலகம் முழுதும் இலட்சோபலட்சம் பேர் அறிந்திருந்த பெண் வேறு. எங்கள் கொட்டகை வாசலில் பாடியவள் வேறு. இரண்டாமவள் எங்கும் இருந்ததே இல்லை. ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் அனுதாபம் சொல்ல யாரிடமாவது போகலாம். பிறக்கவே இல்லை என்று தெரியவந்தவளுக்காக யாரிடம் போவது? கைப்பேசியை அணைத்துவிட்டேன். காக்காவிடம் இதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் இந்த ஆண்டின் செய்திக்கு முன்னுரை. அந்தக் குழு மிக நீண்ட காலம் மௌனமாக இருந்தது. பிரிந்துவிட்டார்கள் என்றார்கள், அவள் பாடுவதையே விட்டுவிட்டாள் என்றும் சொன்னார்கள். சில மாதங்களுக்கு முன், எதிர்பாராத ஒரு காலையில், அவர்களுடைய புதிய இசைத்தொகுப்பு வெளிவந்திருப்பதாகக் கைப்பேசியே எனக்கு அறிவித்தது. தலைமயிர் நரைத்த நால்வரின் படம். எவ்வித எதிர்பார்ப்பும் இன்றித்தான் அழுத்தினேன்.

முரசு மெல்ல அதிர்ந்தது. கீறல் ஒலி எழுந்தது. அதன்மேல், தாழ்ந்து, கரகரத்து, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனமின்றி அவள் பாடினாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அது அவளேதான், கொட்டகை வாசலில் பாடியவள். எங்கள் வளையம் வழுக்கி வழுக்கி உண்டாக்கிய குரலுக்கு, முதுமையின் வழியாக நடந்து நடந்து அவள் வந்து சேர்ந்திருந்தாள். இல்லவே இல்லை என்று நான் கைவிட்டிருந்த ஒருத்தி, இத்தனை காலம் கழித்துப் பிறந்திருந்தாள்.

அந்தத் தொகுப்பின்கீழே உலகத்தார் எழுதியிருந்த கருத்துகளை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள்தோறும் படித்தேன். சிலர் உருகியிருந்தார்கள். பெரும்பாலோர் ஏமாந்திருந்தார்கள். இவ்வளவு காலம் காத்திருந்தது இந்தச் சோர்ந்த குரலுக்காகவா என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கு உடல்நலம் இல்லையோ என்று ஒருவர் ஐயுற்றிருந்தார். பாதியில் உறங்கிவிட்டதாக ஒருவர் எழுத, அதற்குக் கீழே பலர் சிரித்திருந்தார்கள். யாரோ ஓர் இளைஞர் புதிய பாட்டுகளின் வேகத்தைக் கூட்டி வெளியிட்டிருந்தார். அப்படிக் கேட்டால் பழைய குரல் கிடைத்துவிடுகிறதாம். பலர் அவருக்கு நன்றி கூறியிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் தொலைந்துபோயிருந்தாள். எனக்கு ஒருவனுக்குத்தான் கிடைத்திருந்தாள். நானும் ஒரு கருத்தைத் தமிழில் தட்டச்சு செய்தேன். எங்கள் துறைமுகத்தில் மழை பெய்தால் வேலை நிற்கும் என்று தொடங்கினேன். மூன்று வரிக்குமேல் போகவில்லை. இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் கைப்பேசியில் கருத்துகளைப் படிப்பவர் அல்லர். எழுதியதை அழித்துவிட்டு, திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறினேன்.

எனக்கு வேண்டியது பெரிதன்று. காக்கா அந்தக் குரலைக் கேட்டுவிட்டு “அவதான்” என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் கிடைத்தால் நான் கேட்டது பொய்யன்று என்று ஆகிவிடும். உப்பளங்களைத் தாண்டி, ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டி, காயல்பட்டினத்தில் இறங்கும்வரை என் மனத்தில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

அவ்வூர் வழக்கப்படி காக்கா தம் மனைவியின் வீட்டில் இருக்கிறார். வேலையைவிட்டு ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் ஆகின்றன. முன்னறையில் இடுப்பில் வெள்ளைச் சாரமும் மேலே பனியனுமாக உட்கார்ந்திருந்தார். கிரேன் நெம்புகோலை இழுத்து இழுத்து வலத்தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது.

“வா தம்பி, வா. அங்கன மழ உண்டுமா?”

“எங்க காக்கா? மேகம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயிருது.”

“நீ என்ன, எலும்பும் தோலுமா நிக்கே? சோறு திங்கியா, இல்ல பொஸ்தகத்தத்தான் திங்கியா?”

உள்ளே பேரக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததால் காதில் மாட்டும் கம்பியை எடுத்தேன். ஒரு முனையை அவர் காதில் வைத்தேன். மறுமுனையை என் காதில் வைத்துக்கொண்டேன். கம்பி குட்டையானது. இரண்டு கிழவர்கள் தலையோடு தலை ஒட்ட உட்கார வேண்டியிருந்தது. பாட்டைத் தொடங்கினேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மூச்சை இழுத்து அவள் நிறுத்தும் இடம் இந்தப் பாட்டிலும் ஒன்று உண்டு. அங்கே அவர் முகத்தில் ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“யாரு இது?”

“அவதான் காக்கா.”

“எவ?”

“நம்ம கொட்டகையில பாடுனவ. மாமியா பாட்டு. திரும்ப வந்திருக்கா, இது புதுசு.”

“போ தம்பி. அவ கொரலு மணி கெணக்கா இருக்கும். இது எவளோ கெழவில்லா.”

நான் காதிலிருந்த கம்பியை உருவினேன். “மணி கெணக்காவா? நம்ம பெட்டியில அவ அடித்தொண்டையில இருந்துல்லா பாடுனா? நல்லா ஓர்ம பண்ணிப் பாருங்க காக்கா. மழ ஸ்டாப்பு, நீங்க டீயக் குடிக்காம கையில வச்சிருப்பீயளே...”

அவர், குழந்தைக்கு உண்மையைச் சொல்லத் தயங்குபவரைப் போல மெதுவாகச் சொன்னார். “அது பெட்டியோட கோளாறு தம்பி. நான் போட்ட வளையம் வழுக்கியிருக்கு. எனக்குத் தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அங்க போயி மொதச் சம்பளத்துலயே அவ பாட்ட வாங்குனேன். கேட்டா, வேற எவளோ பாடுதா. எனக்குக் கோவமான கோவம். கடைக்காரன்கூடச் சண்டைக்கே போயிட்டேன், தப்பான பாட்டத் தந்துட்டான்னு. அவன்தான் வெளக்கிச் சொன்னான். பொறவு பழகிட்டு. பொறவு அவதான் அவ.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே காக்கா.”

“எதுக்குச் சொல்லணும்? பெட்டி ஒங்கிட்ட இருக்கு. நீ பாட்டுக்கு மழைக்கு வச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பே. நீ கேக்குறது தப்புன்னு கடல் தாண்டி போனு போட்டுச் சொல்லச் சொல்லுதியா?”

அத்தனை பெருநாள்களிலும் மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு அவர் வைத்த தொலைபேசியை நினைத்தேன். நாங்கள் இருவரும் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியவன் நான் ஒருவன்தான். இல்லை என்று அவருக்கு முதல் மாதமே தெரியும். தெரிந்தும், என் நம்பிக்கையை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார். அதை அன்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அன்பு விளங்கிய கணத்தில் நான் உணர்ந்தது, கொட்டகை வாசற்பலகையில் இத்தனை ஆண்டுகளாகத் தனியாகவே உட்கார்ந்திருந்திருக்கிறேன் என்பதைத்தான்.

இருந்தும் விட மனமில்லை. இன்னொரு பாட்டைக் கேளுங்கள், அதில் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று மறுபடியும் கம்பியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி. கேம்புல மேக்கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த மணிக் கொரலத்தான் இத்தன வருசமும் கேட்டேன். எங்க உம்மா மவுத்தாயி அடக்கம் பண்ணுன அன்னைக்கு எனக்கு லீவு கெடைக்கல. ரூமுல ஆளுக நிக்காக; அழவும் கூடாது. காதுல இதப் போட்டுக்கிட்டுச் செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அன்னைக்கு எங்கூட இருந்தது அவதான். நீ இப்ப வந்து, அவ இல்ல, இவதான்னு சொன்னா, நான் எங்க போவேன்?”

அவருடைய கைப்பேசியில் பழைய தொகுப்பு இருந்தது. இம்முறை அவரே கம்பியின் முனையை என் காதில் வைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி பட்டதைப் போன்ற அதே குரல். நான் முன்பு பாதியில் அணைத்துவிட்ட பாட்டை முழுதும் கேட்டேன். அவளுக்காகக் கேட்கவில்லை, வரிசையாகக் கட்டில்கள் அடுக்கிய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருவருக்காகக் கேட்டேன். அப்படிக் கேட்டபோது அது அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. ஆனால் அது அவருடைய குரல். அதில் எனக்கு இடமில்லை. நான் கேட்ட குரலுக்கு அவர் சாட்சி சொல்ல முடியாததைப் போலவே.

பாட்டு முடிந்தபின் சொன்னேன். “நீங்க சொல்லுததுதான் காக்கா சரி. அவ கொரலு மணி கெணக்காத்தான் இருக்கு.”

“ஏலே, பொய் சொல்லாதல. ஒனக்கு அது வராது” என்று அவர் சிரித்தார். அவர் என்னை அப்படி அழைத்து எத்தனையோ காலமாயிற்று. அவர் மனைவி கொடுத்தனுப்பிய இஞ்சித் தேநீரைக் குடித்தோம். பேரன் பேத்திகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். வாசல்வரை வந்து, தோளைத் தொட்டு வழியனுப்பினார். மழையைப் பற்றி இருவரும் மறுபடியும் பேசவில்லை.

மாலையில் வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன். அதுவரை அந்தப் புதிய தொகுப்பைக் காதுக்கம்பியின் வழியாகவே கேட்டுவந்திருந்தேன். யாரோ ஒருவருக்குக் காட்டுவதற்கென்று பொத்திவைத்த பொருளைப் போல. இனி அதைப் பொத்திவைக்க வேண்டியதில்லை. கைப்பேசியைச் சன்னல் கட்டையின்மேல் வைத்து, ஒலியை முழுதும் கூட்டி, பாட்டைத் தொடங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். குரல் அறைக்குள் ஒருமுறை சுற்றிவிட்டு வெளியே போயிற்று.

அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலத் தனியாக வாழ்பவர். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவர், சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, பேட்டரி தீந்துட்டா? பாட்டு இழுக்கே.”

“இல்லம்மா. பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவ பாடுறதே அப்படித்தான்.”

அவர் ஒரு சேலையை மடித்தபடி சிறிது நேரம் நின்று கேட்டார்.

“பாடுறவளுக்கு நம்ம வயசு இருக்குமோ?”

“இருக்கும்.”

“அப்ப இழுக்கத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணிகளையும் உருவிக்கொண்டு உள்ளே போனார்.